ஒரு ராத்திரிக்கு நாலு மூச்சு

கற்பூரவல்லிச் செடியை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது இசக்கிசெல்வி. வைக்கச் சொன்னது அவள் மகள் ஷாலு. சரியென்று தலையாட்டியது அவள் புருஷன் தளவாய். மூன்று பேரும் கூடி எடுத்த முடிவுதான். ஆனால் அதைச் சுமக்கிற பாடு வந்தபோது ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டாள்.

தளவாய்க்குக் கடையநல்லூர் பக்கம். பதினெட்டு வயதில் திருவனந்தபுரத்துக்கு வந்து, பழவங்காடியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவ நின்று, பிறகு காய் நறுக்கி, பிறகு சரக்கு மாஸ்டர் ஆனவர். முப்பது வருஷம் விறகடுப்புக்கு முன்னால் நின்றார். பீடி கிடையாது, குடி கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார். அப்படியிருந்தும் நெஞ்சு கெட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் வலிப்பீங்க?" என்று மெடிக்கல் காலேஜ் டாக்டர் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அரை மணி நேரம் நிற்கவில்லை. அவர் வலித்ததெல்லாம் அடுப்புப் புகை. ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேருக்குச் சாம்பார் வைத்த புகை. அதை எந்த பாக்கெட்டில் எண்ணுவது?

கடைசி ஒரு வருஷம் ஆரியசாலையில் வாடகைக்கு இருந்த மாடி அறையில் கட்டிலே கதியென்று கிடந்தார். கீழே சாக்கும் கயிறும் விற்கிற மொத்தக் கடை. மேலே ஒரே அறை, ஒரே ஜன்னல். கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும், தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ்காரர்கள் கொடுத்தது. தேவை இருக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். தேவை முடிவது என்றால் என்னவென்று கொடுத்தவர்களும் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை.

அந்த ஜன்னலில் ஒரு எண்ணெய் டின். டின்னில் கற்பூரவல்லி. ஓட்டல் கொல்லையில் இருந்து ஒரு கொப்பை ஒடித்து வந்து தளவாயே நட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் இலையைக் கடலைமாவில் முக்கி மகளுக்கு பஜ்ஜி போடுவார். "வீட்டிலயும் அடுப்பா?" என்று செல்வி கோபப்பட்டால், "இது வேலை இல்லட்டி, விளையாட்டு" என்பார். படுக்கையில் விழுந்த பிறகு பஜ்ஜி நின்றது, இலை நிற்கவில்லை. காலையில் வெயில் ஜன்னலுக்கு வரும்போது கையை நீட்டி ஒரு இலையைக் கிள்ளுவார். கசக்கி மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "நெஞ்சு திறக்குட்டி" என்பார். திறந்ததோ இல்லையோ, அந்த நிமிஷம் அவர் முகம் பழைய மாஸ்டர் முகமாக இருக்கும். செல்விக்கு அது போதும்.

ஷாலு பத்தாம் வகுப்பு, மலையாள மீடியம். படிப்பில் கெட்டி. அப்பாவின் விரலில் மாட்டுகிற கிளிப் காட்டும் ஆக்சிஜன் எண்ணைக் காலையும் இரவும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். ஐப்பசியில், மலையாளத்துத் துலாம் மாதத்து மழை இடித்துக்கொண்டு பெய்த ஒரு சாயங்காலம் அந்த நோட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, இந்தச் செடிய வெளிய வைக்கணும்."

"ஏன் மக்ளே?"

"பகல்ல செடி ஆக்சிஜன் தரும். ராத்திரி வெயில் இல்லல்லோ, அப்போ அதுவும் நம்மளப் போல ஆக்சிஜன் எடுத்துட்டு கார்பன் டை ஆக்சைடு விடுமாக்கும். புக்குல உண்டு. அப்பாவுக்குப் பகல்ல தொண்ணூத்தொண்ணு. ராத்திரி எண்பத்தாறு. பதினஞ்சு நாளா இதே கதை. வேற என்ன காரணம்?"

அந்த நோய்க்காரர்களுக்குப் படுத்துத் தூங்கினால் எண் இறங்குவது வழக்கம். அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகமும் பொய் சொல்லவில்லை. செடி ராத்திரியில் மூச்சு விடும் என்று சொன்னது. எவ்வளவு என்று மட்டும் சொல்லாமல் விட்டது.

"அப்போ ராத்திரி மட்டும் வெளிய எடுத்து வைப்போம்" என்றாள் செல்வி.

"ஒரு நாள் நீங்க வேலை செஞ்ச அலுப்புல மறந்து உறங்கிப் போவீங்க. அந்த ஒரு நாள் போதும்மா." சொல்லும்போதே ஷாலுவின் குரல் உடைந்தது. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பனைத் திருட வந்த கள்ளனைப் பார்ப்பதுபோல அந்த டின்னைப் பார்த்தாள்.

தளவாய் செடியையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். மூக்கில் மாட்டிய ஆக்சிஜன் குழாய்க்குள்ளே இருந்து மெல்லச் சிரித்தார். "எம் மக சொன்னா அது சரியாத்தான் இருக்கும். கொண்டு போ செல்வி. பாத்து வை."

பாத்து வைக்க இடம் எங்கே இருக்கிறது? தெருவில் வைத்தால் லாரியில் சாக்கு இறக்குகிறவர்கள் காலில் மிதிபடும். மேலே ஓட்டுக்கூரை. மிஞ்சியது மாடிப்படிக்கு அடியில் இருந்த பொந்துதான். கடைக்காரர் பழைய சாக்குகளைத் திணித்து வைக்கிற இடம். பட்டப்பகலிலும் டார்ச் வேண்டும். செல்வி டின்னை அங்கே வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

செல்வி ஒரு கல்லூரியில் தாவரவியல் துறையைக் கூட்டிப் பெருக்குகிற கான்டிராக்ட் வேலைக்காரி. காலை ஏழுக்குப் போனால் இரண்டு மணிக்கு வருவாள். ஷாலு வர நாலரை ஆகும். நடுவில் தேவைப்பட்டால் தட்டுவதற்குத் தளவாயின் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருக்கும். தட்டினால் கீழ்க்கடையில் இருந்து யாராவது ஏறி வருவார்கள். அந்த மனிதர் கூச்சக்காரர், செத்தாலும் தட்டமாட்டார்.

செடி போன இரண்டாம் நாள், செல்வி வந்து கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டபோது சொன்னார். "செல்வி, ஒரு இலை மட்டும் கிள்ளிட்டு வாயேன்."

"இலை என்ன இலை? செடியையே தூக்கிட்டு வாரேன். அவ வர்றதுக்குள்ள இறக்கிருவோம்."

"வேண்டாம்ட்டி." மூச்சு வாங்கிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "பிள்ள எம்மேல உள்ள பிரியத்துல சொன்னது. ஏமாத்தப்படாது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆகி, அன்னைக்குச் செடி இங்க இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? காலம் பூரா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பா. ஒரு இலை போதும். நான் கேட்டேன்னு அவட்ட சொல்லிராத. எந்தக் காலத்துலயும் சொல்லாத."

"சரிங்க" என்றாள் செல்வி. அதென்ன பெரிய சத்தியமா என்று அப்போது நினைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு இலை. மதியம் வேலையிலிருந்து வருகிறபோதே பொந்துக்குள் கையை விட்டு ஒன்றைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு மேலே போவாள். அவர் வாங்கி மோந்து பார்த்துவிட்டுக் கைக்குள் வைத்துக்கொள்வார். பிறகு அது என்ன ஆகிறதென்று செல்வி கேட்டதில்லை. ஜன்னல் வழியே வீசிவிடுகிறார் என்று நினைத்தாள்.

முதல் வாரத்து இலைகள் தடியாக, பச்சையாக, முதுகில் பூனைமயிரோடு இருந்தன. போகப்போக அவை சிறுத்தன. வெளிச்சம் தேடித் தண்டு மட்டும் கொடிபோல நீண்டு, சாக்கு இடுக்கில் நுழைந்து, கடைக் கதவின் கீறலைப் பார்த்துத் தவழ்ந்தது. இருக்கிற இலையையும் செல்வி கிள்ளிக்கொண்டிருந்தாள். அது என்ன செய்யும், பாவம். மார்கழி முடியப் போகிற ஒரு மதியம் அவள் கொண்டு போனது சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. வெளுத்து மஞ்சள் பூத்திருந்தது.

"என்னட்டி இது, நோஞ்சான் பிள்ள மாதிரி?"

"இருட்டுல கெடந்தா வேற எப்படி இருக்கும்?"

தளவாய் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இனிப் பறிக்காத செல்வி. அதுக்கும் மூச்சு வேணும்லா" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நாலாம் நாள் காலையில், வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தபடி போய்விட்டார். ஷாலு அவர் கையைப் பிடித்திருந்தாள். கிளிப்பில் எண் இறங்கி இறங்கி, பிறகு வெறும் கோடாக நின்றது. அழுது முடித்து, யாரோ கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அந்தப் பிள்ளை சொன்ன முதல் வார்த்தை, "செடிய மாத்தினது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா இதுக்கு முன்னாலயே…" என்பதுதான். செல்வியும் அப்படியே நம்பினாள். நம்புவதற்கு அந்த வீட்டில் வேறு என்ன மிச்சம் இருந்தது?

பதினாறு கழிந்து செல்வி வேலைக்குத் திரும்பினாள். துறையில் கடைசி அறை ஸ்மிதாவுடையது. ஆராய்ச்சி செய்கிற பெண், முப்பது வயது இருக்கும், எந்நேரமும் காதில் பேனா. ஜன்னல் இல்லாத அந்த அறையில் தட்டுத் தட்டாகச் செடிகள், மேலே விளக்குகள். செல்வி கூட்டப் போனபோது விளக்குகள் அணைந்து, பெண் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்விக்குப் பகீரென்றது. ஓடிப்போய் உலுக்கினாள்.

"டீச்சர்! டீச்சர்! இருட்டுல இத்தனை செடியோட கதவ அடைச்சுட்டா உறங்குறது? மூச்சு முட்டிரும்லா!"

ஸ்மிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். "அதாரு சேச்சி சொன்னது? இந்தச் செடியெல்லாம் என்ன ஒண்ணும் செய்யாது."

"ராத்திரி ஆக்சிஜன எடுத்துக்கிடும்னு புக்குல இருக்காமே."

"எடுக்கும். அது செரிதான். பக்ஷே எத்தனை எடுக்கும்?" ஸ்மிதா ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் ஒட்டினாற்போலக் காட்டினாள். "இத்திரியோளம். வாங்க, காட்டித் தரேன்."

மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் இரண்டே இலை விட்ட ஒரு குட்டி நாற்று, பக்கத்தில் எண் காட்டுகிற ஒரு கருவி. ராத்திரி முழுக்க இருட்டில் மூடி வைத்தது என்றாள் ஸ்மிதா. நேற்று வைத்தபோது இருந்த எண்ணும் இப்போது இருக்கிற எண்ணும் தாளில் எழுதியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. "இனி இந்தக் குழாயில ஒரு தடவை ஊதுங்க சேச்சி. மெதுவா."

செல்வி ஊதினாள். ஒரே ஒரு தடவைதான். கருவியில் எண் பதறியடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"கண்டோ? இது குட்டி நாற்று. வீட்டுல வைக்கிற ஒரு சட்டிச் செடின்னே வையுங்க. ஒரு ராத்திரி முழுக்க அது விடுறது, நாம ஒரு மூணோ நாலோ மூச்சு விடுறதுக்குச் சமம். அவ்வளவுதான். அந்த அறையில கூட ஒரு ஆள் படுத்திருந்தா, அவங்க ஒரு நிமிஷத்துல விடுறதே அதைப் போல நாலு மடங்கு."

செல்வி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் அவள் படுத்திருந்தாள், அந்தப் பக்கம் ஷாலு. ஒரு வருஷம். அப்படியானால் வெளியே வைத்திருக்க வேண்டியது செடியை இல்லை. நாலு மூச்சுக்காக அந்த மனிதர் கையில் இருந்த ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கிப் பொந்துக்குள் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

"என்ன சேச்சி, முகம் வாடிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல டீச்சர். அப்போ பகல்ல அது என்னதான் செய்யும்?"

"சோறு வைக்கும்." ஸ்மிதா விளக்குகளைப் போட்டாள். தட்டுகள் எல்லாம் பச்சைப் பச்சையாக முழித்துக்கொண்டன. "இலைதான் அதோட அடுக்களை. வெயில்தான் அடுப்பு. வேர் தண்ணி கொண்டு வரும். நாம வேண்டாம்னு விடுற காத்து இருக்கில்லையா, அதை இலை உள்ள எடுக்கும். எல்லாத்தையும் சேர்த்து வேக வச்சுச் சர்க்கரை ஆக்கும். அந்தச் சர்க்கரைதான் பிறகு தண்டு, இலை, வேர் எல்லாம். மிச்சம் வர்ற நல்ல காத்த வெளிய விட்டுரும்."

"புகை?"

"புகையே கிடையாது."

புகையே இல்லாத அடுக்களை! இதைக் கேட்க ஒரு மாஸ்டர் இல்லாமல் போனாரே. கேட்டிருந்தால் மறுநாளே ஓட்டலுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"டீச்சர், அப்போ இலை மண்ணுல இருந்து வர்றது இல்லையா?"

"மண்ணுல இருந்து கொஞ்சம்தான் வரும். இலையக் காய வச்சு எடை போட்டா முக்காவாசிக்கு மேல காத்துல இருந்தும் தண்ணியில இருந்தும் வந்ததுதான்."

"யாரு விட்ட காத்து?"

"பக்கத்துல ஆரு இருக்காங்களோ அவங்களுதும் அதுல கொஞ்சம் உண்டாகும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஸ்மிதா கண்ணாடிப் பெட்டியைத் திறக்கப் போனாள். "இதெல்லாம் ப்ளஸ் ஒன்ல பிள்ளைங்க விஸ்தாரமா படிப்பாங்க சேச்சி."

வழியெல்லாம் செல்வி அழுதுகொண்டேதான் வந்தாள். வலியசாலைத் திருப்பத்தில் பூக்காரி கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. முதலில் வந்தது துக்கம். வீட்டுப் படியில் கால் வைத்தபோது துக்கத்தைத் தள்ளிக்கொண்டு பயம் வந்தது. ஷாலுவுக்கு இது தெரியக்கூடாது. செடி ஒன்றும் திருடவில்லை என்பது தெரிந்தாலே பிள்ளை உடைந்து போவாள். அப்பா தினமும் இலை கேட்டார், நான் கேட்டதைச் சொல்லாதே என்று வாயைக் கட்டிவிட்டுப் போனார் என்பதும் தெரிந்தால்? சாதாரணமாகச் சொன்ன அந்த 'சரிங்க' இப்போது கல் மாதிரி தலையில் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலியேட்டிவ்காரர்கள் வண்டியோடு வந்தார்கள். சஜி என்கிற வாலண்டியரும் ஒரு துணை ஆளும். மெஷினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, முதலில் அதை இறக்கினார்கள். அது போனதும் அறையில் வந்த அமைதியைச் செல்வியால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷமாக அதன் கொர்கொர் சத்தத்தைத் திட்டாத நாள் இல்லை.

"மெத்தைய எடுக்கட்டே?" என்று கேட்டுவிட்டு சஜி மெத்தையை ஜன்னல் பக்கமாகப் புரட்டினான்.

கட்டில் தகட்டின் மேல் இலைகள். ஜன்னல் ஓரத்து விளிம்பு நெடுக, ஒன்றன்பின் ஒன்றாக, மெத்தைப் பாரத்தில் தட்டையாகக் காய்ந்து, காப்பித்தூள் நிறத்தில் இருந்தன. தலைமாட்டில் பெரியவை. கால்மாட்டை நோக்கி வரவரச் சின்னவை. கடைசியில் நகம் அளவு ஒன்று. எழுந்து உட்கார முடியாத மனிதர், கை எட்டுகிற தூரம் வரைக்கும் மெத்தைக்கு அடியில் விரலை விட்டு விட்டு, வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறார். ஒன்றைக்கூட எறியவில்லை.

 இது அவர் மூச்சு என்று செல்வியின் மனசு சொன்னது. முதலில் உள்ள பெரிய இலைகள் எல்லாம் இந்த ஜன்னலில், இவர் பக்கத்தில் வளர்ந்தவை. இவர் கஷ்டப்பட்டு வெளியே விட்டதை வாங்கி வாங்கிச் சமைத்தவை. கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது அவளுக்கு.

"அம்மா, இது என்ன?" ஷாலு குனிந்து ஒன்றை எடுத்தாள். மோந்து பார்த்தாள். முகம் மாறியது. "கற்பூரவல்லி! இது எப்படி இங்க வந்துச்சு? அப்பா கேட்டாரா? செடி வேணும்னு கேட்டாரா அம்மா?"

சஜி மெத்தையைத் தாங்கியபடி நின்றான். பிள்ளையின் கண் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் எண் எழுதுகிறபோது வைத்திருப்பாளே, அதே கண். ஒரு சொல் பிசகினால் கண்டுபிடித்துவிடும்.

"அவரு எங்க கேட்டாரு?" என்றாள் செல்வி. குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. "மூட்டப்பூச்சிக்கு நான் போட்டது மக்ளே. அந்த மணத்துக்கு மூட்ட அண்டாது. கீழ இருந்து அப்பப்போ பறிச்சிட்டு வந்து சொருகி வைப்பேன். அப்பாக்கே தெரியாது."

"நெஜமா?"

"பின்னே? பழைய கட்டிலுல்லா."

ஷாலு நீளமாக மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. "நான் பேடிச்சுப் போனேன். அப்பா ஆசைப்பட்டு, நான் சொன்னதுனால கேக்காம இருந்திருப்பாரோன்னு." கையில் இருந்த இலையை மறுபடி தகட்டில் போட்டாள். பிறகு, "செடி இங்கயே இருந்திருந்தா அப்பா இன்னும் முன்னாலயே போயிருப்பாரு, இல்லம்மா?" என்றாள்.

"ஆமா மக்ளே. நீ சொல்லப் போயித்தான் கூட ரெண்டு மாசம் இருந்தாரு."

 அந்தப் பொய்யையும் சொல்லி முடித்தாள்.

"சேட்டா, ஒரு மினிட்" என்று சஜியிடம் சொல்லிவிட்டு ஷாலு துடைப்பத்தை எடுத்து வந்தாள். அடுத்த வீட்டுக்குப் போகிற கட்டில், சுத்தமாகக் கொடுக்கவேண்டும் அல்லவா? நல்ல பிள்ளை. தகட்டில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள். எல்லாவற்றையும் தரையில் தள்ளி, முறத்தில் கூட்டி அள்ளினாள். மூட்டைப்பூச்சிக்குப் போட்ட இலையை வேறு எப்படி அள்ளுவார்கள்? 'மக்ளே, நிறுத்து' என்று தொண்டை வரைக்கும் வந்தது. செல்வி அதை விழுங்கினாள். விழுங்கிக்கொண்டே, தன் பக்கம் பறந்து வந்த ஒரு பெரிய இலையின் மேல் மெதுவாகப் பாதத்தை வைத்தாள். ஷாலு அதைப் பார்க்கவில்லை. முறத்தில் இருந்ததை மத்தி மீன் செதிலும் டீத்தூளும் கிடந்த வாளியில் தட்டிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

கட்டிலும் மெத்தையும் போயின. அறை காலியானது. செல்வி பாதத்தை எடுத்தாள். காய்ந்த இலை பொடிப்பொடியாகப் போயிருந்தது. எடுக்க ஒரு துண்டுகூடத் தேறவில்லை. மணம் மட்டும் குப்பென்று எழும்பியது. அவள் அங்கேயே உட்கார்ந்து, அந்தப் பொடியில் கை வைத்து, சத்தம் வராமல் அழுதாள். அவர் போன அன்று அழாத அழுகையும் சேர்த்து அழுதாள்.

படியில் காலடி கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷாலுவின் கையில் எண்ணெய் டின். வெளுத்துப்போன ஒரு நீளத் தண்டு டின்னுக்கு வெளியே தொங்கியது. நுனியில் மட்டும் அரிசி அளவு ஒரு துளிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இனி இங்க வைக்கலாம்லா?" என்றாள் ஷாலு. "இனி யாருக்கு மூச்சு முட்டப் போகுது?"

ஜன்னலில் வைத்து, தண்டைத் தூக்கிக் கம்பியில் நூலால் கட்டிவிட்டாள். தண்ணீர் ஊற்றினாள். வெயில் அதன் மேல் விழுந்தது. கட்டிலின் நான்கு கால் பதிந்த தடத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, ப்ளஸ் ஒன்னுக்கு நான் பயாலஜிதான் எடுக்கப் போறேன். அப்பாவுக்காக" என்றாள்.

செல்வி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "எடு மக்ளே. நல்லாப் படி."

மறுநாள் காலை கடைசி அறையைக் கூட்டிவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், அன்னைக்கு எனக்குச் சொன்னீங்கல்லா, செடி எவ்வளவு மூச்சு விடும்னு. அது ப்ளஸ் ஒன்ல எந்த மாசம் வரும்?"

ஸ்மிதா பேனாவைக் காதிலிருந்து எடுத்து யோசித்தாள். "டிசம்பர் ஆகும்னு தோணுது. எதுக்கு சேச்சி?"

"சும்மாதான்" என்றாள் செல்வி. நடையைக் கூட்டிக்கொண்டே, துடைப்பம் பிடிக்காத கையில் விரல்களை மடக்கி எண்ணினாள். பத்து மாதம் இருந்தது. பத்து மாதம் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அதற்குள் இதைவிடப் பெரிய பொய்யாக ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும்.